திருப்பிப் போட்ட ஊமச்சி

பம்பாய், தாராவி
14-6-1979

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தங்கவேல் எழுதுவது.

எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த வாரமாவது இரண்டு வரி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நன்றாகத்தான் இருப்பீர்கள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கடலில் வாழும் உயிர்களை ஆராய்கிற ஒரு தனியார் ஆய்வுக்கூடம். இப்போதைக்குத் தற்காலிகம். நடந்துகொள்வதைப் பார்த்து நிரந்தரம் செய்வார்களாம். நம் காலனியின் முதல் பட்டதாரிக்கு உத்தியோகம் ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொள். உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். டைரக்டர் என் மார்க்கைப் பார்க்கவே இல்லை. ஊர் எது என்றார். பழவேற்காடு ஏரி, தோணிரேவுப் பக்கம் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். உன் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டார். அக்கா இருக்கிறாள், ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவள் என்றேன். அந்த இடத்திலேயே வேலையைக் கொடுத்துவிட்டார். அவருக்கு வேண்டியது நானில்லை, நீ.

நீ செய்ய வேண்டியதைக் கவனமாகக் கேள். கால்வாய் ஏரியில் வந்து விழுகிற இடத்தில், முலாம் பூசுகிற கம்பெனியின் தண்ணீர் கலக்கிற சேற்றில், ஊமச்சி நத்தை அப்பிக்கிடக்குமே, அதைப் பொறுக்கு. ஒரு பங்கை அன்றைக்கே உடைத்துச் சதையை மட்டும் எடுத்து, நான் அனுப்பும் பிளாஸ்டிக் விரிப்பில் காயவைத்துப் பார்சலில் அனுப்பு. சதையை மூங்கில் சிம்பால்தான் எடுக்க வேண்டும். கத்தி, ஊசி, பித்தளைத் தட்டு எதுவும் படக்கூடாது. மீதியை மூடி போட்ட இரண்டு கூடைகளில் நிரப்பி, பசியாவரம் பக்கம் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் கழி நட்டுக் கட்டிவிடு. அதிலிருந்து புரட்டாசி பிறக்கும்போது ஒரு பார்சல், மார்கழியில் ஒரு பார்சல். அவ்வளவுதான்.

இங்கே ஓர் அறையில் ஒன்பது பேர். மில் ஷிப்டு மாறும்போது பாயும் கைமாறும். ஒருவன் எழுந்த சூட்டிலேயே அடுத்தவன் படுக்கிறான். இத்தனை பேர் நடுவில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. "மதராசி" என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். வேலை நிரந்தரமானால் தனி அறை எடுப்பேன். உன்னையும் மாமாவையும் அழைத்துக்கொள்வேன்.

உன் தம்பி
தங்கவேல்


தோணிரேவு காலனி
20-7-1979

தம்பி தங்கவேலுக்கு அக்கா அம்மணி எழுதுவது. நாங்கள் இங்கே உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அஞ்சாவது படித்தவள் எழுத்து, கூட்டிப் படித்துக்கொள்.

நீ சொன்னபடியே செய்து பார்சல் அனுப்பியிருக்கிறேன். மூங்கில் சிம்பால் சதை எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. முத்தம்மா அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "இன்னாமே அம்மணி, பட்டணத்துப் பந்தி மாதிரி பளபளன்னு விரிச்சி ஊமச்சியக் காய வெச்சிக்கினு கீறே? பம்பாய்ல மீனே கெடையாதா, ஊரு பூரா சேட்டுங்கதானா?" என்றாள். ஆராய்ச்சிக்கு என்றேன். "ஆராய்ச்சியா! பி.ஏ. படிச்சவன் ஊமச்சியில இன்னாத்த ஆராயறது? ஒடைச்சா சதை, ஒடைக்காட்டி ஓடு" என்றாள். பி.ஏ. இல்லை, பி.எஸ்.ஸி. என்று சொன்னேன். அது இன்னும் கொஞ்சம் மட்டமா என்று கேட்டாள்.

கூடைகளைப் பசியாவரம் போகிற தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டிவிட்டேன். வலைக்காரர்கள் யார் கூடை என்று அதட்டினார்கள். பம்பாய் கவர்மெண்டுக் கூடை என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

மாமா ஒரிசாப் பக்கம் பாரதீப்புக்கு மோட்டார் போட்டில் கூலி வேலைக்குப் போகிறார். நாளைக்கு ரயில். ஏரியில் ஆழமெல்லாம் வலைக்காரர் பாடு, நமக்குக் கரைச்சேறுதான், அதிலும் இறால் இல்லை, இங்கே இருந்து இன்னா பண்ணச் சொல்றே என்கிறார். பொங்கலுக்கு வந்துவிடுவாராம். நீயும் இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது.

இப்படிக்கு
அக்கா அம்மணி


பம்பாய்
28-8-1979

அக்காவுக்கு,

தங்கவேல். காய்ச்சல் வந்து போனது, இப்போது சரியாகிவிட்டது. மாமாவிடமிருந்து கடிதம் வந்ததா? நீ தனியாக ஆழத்தில் இறங்காதே.

உன் பார்சலைச் சோதித்தோம். இயந்திரம் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து டைரக்டர் இரண்டாவது தடவையும் போடச் சொன்னார். தப்பில்லை. நம் கால்வாய் ஊமச்சியின் உடம்பில் செம்பும் துத்தநாகமும் காட்மியம் என்கிற விஷமும் அவ்வளவு இருக்கிறது. எல்லாம் முலாம் கம்பெனியின் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தது.

ஊமச்சிக்கு ரத்தம் சிவப்பில்லை அக்கா, லேசான நீலம். நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை அதற்குச் செம்பு செய்கிறது. ஆகவே கொஞ்சம் செம்பு அதற்கு வேண்டும். துத்தநாகமும் துளி வேண்டும். மிஞ்சி வருவதை என்ன செய்யும்? முடிந்ததை வெளியே தள்ளும். முடியாததைக் கட்டிப்போடும். அதன் உடம்பில் ஒரு வகைப் புரதம் ஊறி உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஈரல் மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக உருட்டி ஒதுக்கியும் வைத்துவிடுகிறது. காட்மியம் எந்த உயிருக்கும் எதற்கும் உதவாது. அதையும் கட்டிவைத்துக்கொண்டு பேசாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

எனக்கு இதில்தான் ஆத்திரம். மீன் என்றால் செத்து மிதக்கும். ஊர் கூடும், பேப்பரில் வரும். இது சாகாது. கம்பெனிக்காரன், "உயிரோடுதானே இருக்கிறது, தண்ணீருக்கு என்ன கேடு?" என்று கேட்பான். இந்த ஆராய்ச்சிக்குச் செலவு செய்வதே அந்தக் கம்பெனிதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இருக்கட்டும். சோதனையில் வந்த எண்ணை யாராலும் மாற்ற முடியாது. நல்ல தண்ணீரில் போட்டால் ஊமச்சி இந்த விஷத்தை விட்டுவிடுமா, விடாதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் உன் கூடையில் இருக்கிறது.

கால்வாய் ஓரத்தில் பொறுக்கித் தின்பதை இன்றோடு நிறுத்துங்கள். முத்தம்மா அக்காவிடமும் சொல்.

இங்கே கூட வேலை செய்கிற ஒருவன் என் சாதியைக் கேட்டான். மீனவர் என்றேன். வலையும் தோணியும் உள்ளவன்தான் மீனவன், கையை மட்டும் வைத்திருப்பவனுக்கு வேறு பெயர் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் தண்ணீர்ப் பானையை நகர்த்தி வைப்பான்.

தங்கவேல்


தோணிரேவு காலனி
18-12-1979

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். புரட்டாசிப் பார்சல் வந்திருக்கும். அதற்குப் பிறகு எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

எனக்கு ஐந்து மாதம். மாமா போவதற்கு முன்னால் தரித்தது, போன பிறகுதான் தெரிந்தது. பாரதீப் விலாசத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அங்கே புயல் என்று சொல்கிறார்கள். வேறே மாதிரியும் சொல்கிறார்கள். நான் காதில் வாங்குவதில்லை.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விடாத மழை. ஏரி செம்மண் குழம்பாகிவிட்டது. இறங்கினால் காலை இழுக்கிறது. ரேஷன் கடையில் அரிசி இல்லை. எலி வளை தோண்டிக்கூடப் பார்த்தோம், வளையெல்லாம் தண்ணீர். கால்வாய் ஊமச்சியை நீ தொடக்கூடாது என்றாய், அதனால் தொடவில்லை. கடைசியில் பசியாவரத்தில் கட்டியிருந்த உன் கூடைகளிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். பொறுக்கினதும் சேறு கக்கட்டும் என்று இரண்டு நாள் நல்ல தண்ணீரில் கட்டிவைத்துத்தானே ஆக்குவோம். இது மாதக்கணக்கில் கடல் தண்ணீரில் கிடந்தது, எதுவாக இருந்தாலும் கக்கியிருக்கும் என்று நினைத்தேன். மழை விடுகிறவரைக்கும் அதுதான் சோறு. ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் நீ கவலைப்படாதே. தண்ணீரில் கட்டின கூடையில் அவசரத்துக்கு எடுத்தால், எடுத்த அளவைக் கேட்பதற்கு முன்னால் திருப்பிப் போட்டுவிட வேண்டும், அப்படிப் போட்டால் அது திருட்டாகாது என்று நைனா சொல்வாரே. வெயில் அடித்ததும் முதல் வேலையாகப் போட்டுவிட்டேன். கால்வாயில் பொறுக்கக் கூடாது என்பதால் பசியாவரத்தில் கழியைச் சுற்றியே பொறுக்கினேன். எடுத்ததற்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அதிலிருந்துதான் இந்த மார்கழிப் பார்சல். தபால் செலவு ஒன்றாகட்டும் என்று கடிதத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறேன்.

அக்கா அம்மணி


பம்பாய்
11-1-1980

அக்காவுக்கு,

சந்தோஷமான செய்தி. நீ இந்த நேரத்தில் கனமானது எதையும் தூக்காதே. மாமா வந்துவிடுவார்.

மூன்றாவது பார்சலைச் சோதித்தாயிற்று. விஷம் கிட்டத்தட்ட இல்லை. டைரக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். இதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை, அன்று உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது, அவருக்கு வருகிற அதே மாதிரிக் கோப்பையில். "ஐந்தே மாதத்தில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது! இது பெரிய முடிவு" என்றார். கட்டுரை அச்சாகப் போகிறது. என் பெயரும் இருக்கும். நிரந்தரம் செய்யச் சிபாரிசு போய்விட்டது.

இனி பார்சலுக்குள் கடிதம் வைக்காதே. ஆபீசில் யார் வேண்டுமானாலும் பிரிப்பார்கள். எதுவாக இருந்தாலும் அறை விலாசத்துக்குத் தனியாக எழுது.

கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். பால் வாங்கிக் குடி. மழை நின்றுவிட்டதால் இனி அந்தக் கஷ்டம் வராது.

உன் அன்புத் தம்பி
தங்கவேல்


தோணிரேவு காலனி
22-2-1980

தம்பிக்கு,

பணம் வந்தது. உடம்பு கனத்துவிட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். பொங்கல் போய்விட்டது. மாமா வரவில்லை.

போன மாதக் கடைசியில் முலாம் கம்பெனியிலிருந்து ஜீப் வந்தது. லோகநாதன் என்று ஓர் ஆபீசர். ஊரைக் கூட்டி அச்சடித்த காகிதம் கொடுத்தார். கால்வாய் ஊமச்சியைப் பிடித்து ஒரு பருவம் நல்ல தண்ணீரில் கட்டிவைத்தால் போதும், எந்தக் கெடுதலும் இருக்காது, தாராளமாகச் சாப்பிடலாம், விற்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. கீழே உன் பெயர். "வெளியூர்க்காரன் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இது உங்க ஊர்ப் பையன் கண்டுபிடிச்சது" என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். வீட்டுக்கு ஒரு நைலான் கூடையும் கொடுத்தார்கள், கம்பெனி பெயர் போட்டது.

இப்போது காலனியில் எல்லோரும் கால்வாய் ஓரத்தில்தான் இருக்கிறார்கள். அங்கேதான் ஊமச்சி குண்டாக, வேண்டிய மட்டும் கிடைக்கிறது. பசியாவரம் பக்கம் போய்ப் பார், கம்பெனிக் கூடையாக மிதக்கிறது. ஒரு பருவம் என்றால் யார் காத்திருக்கிறார்கள்? முத்தம்மா அக்கா இரண்டு வாரத்திலேயே எடுத்துவிடுகிறாள். "ரெண்டு வாரத்துல பாதியாவது கக்கியிருக்கும், மீதிய என் வயிறு பாத்துக்கும்" என்கிறாள். எனக்கும் தினம் ரசம் வைத்துக் கொண்டுவந்து தருகிறாள். பால் ஊறுமாம்.

ஒரு சந்தேகம். மார்கழிப் பார்சலில் நான் அனுப்பினது திருப்பிப் போட்ட ஊமச்சி. அது பசியாவரத்திலேயே பிறந்து வளர்ந்தது, கால்வாயைக் கண்டதே இல்லை. எடுத்த அளவு போட்டதால் கணக்கு சரி என்று நினைத்தேன். இந்தக் காகிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது. இப்படிப் போட்டது உன் ஆராய்ச்சிக்குச் சரிதானா? நீ படித்தவன், உனக்குத் தெரியும். எழுது.

அக்கா அம்மணி


பம்பாய்
19-3-1980

அக்காவுக்கு,

நீ நலமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். அதுதான் இப்போது என் கவலை.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்துவிட்டது. அறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்க் குழாய் உள்ள அறையாகப் பார்க்கிறேன். பிள்ளை பிறந்ததும் நீ வந்துவிடு.

ஊமச்சி ரசம் வேண்டாம். இந்த மாதத்தில் அது வாயு, பிள்ளைக்காரிக்கு ஆகாது. முத்தம்மா அக்கா வருத்தப்படாதபடி சொல்லிவிடு. கஞ்சியும் பாலும் போதும்.

வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தங்கவேல்


தோணிரேவு காலனி
25-4-1980

தம்பிக்கு,

பெண் குழந்தை. சித்திரை பிறந்த மறுநாள். முத்தம்மா அக்காதான் பார்த்தாள். குழந்தை சின்னதாக இருக்கிறது, ஆனால் அழுகை பெரிசு. சரோஜா என்று கூப்பிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

ரசம் வாயு என்று எழுதியிருந்தாய். அதை முத்தம்மா அக்காவிடம் சொன்னேன். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் நாலு பெத்தவ. எனக்கு வராத வாயு உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு வருது? ஊருக்கெல்லாம் துன்னுன்னு காயிதம் போட்டவன், அக்காளுக்கு மட்டும் துன்னாதன்னு எழுதறானா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். நல்ல தண்ணீரில் போட்டால் அந்த விஷம் போகுமா, போகாதா? நான் அதை ஒன்றரை மாதம் சாப்பிட்டிருக்கிறேன், இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு.

அக்கா


தோணிரேவு காலனி
16-6-1980

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரரைக் கேட்டுக் கேட்டு, இப்போது என்னைக் கண்டாலே தூரத்திலேயே கையை விரித்துக் காட்டுகிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? குழந்தை நன்றாக இருக்கிறாள்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் கம்பெனிக் கூட்டம் நடந்தது. இன்னும் கூடை கொடுக்கப் போகிறார்களாம். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னேன். "சார், பம்பாய்ல சோதிச்சது கால்வாய் ஊமச்சி இல்ல. அத மழையில நானே துன்னுட்டேன். பசியாவரத்து ஊமச்சியப் போட்டுத்தான் அனுப்பினேன்" என்றேன். ஆபீசர் சிரித்தார். "ஏம்மா, உன் தம்பி படிச்சவன், கையெழுத்துப் போட்டிருக்கான். அவன் பொய் சொல்றானா?" என்றார்.

"பொய் சொல்ல மாட்டான் சார். நாங்க ஏரியில எறங்கினா பறிக்கூடைய வாயில கடிச்சிக்கினு ரெண்டு கையாலயும் தடவுவோம். அப்ப கூப்ட்டா பதில் வராது. அவனும் இன்னாத்தையோ கடிச்சிக்கினு கீறான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும்தான் சண்டை. ஊமச்சியை இப்போது பட்டணத்துக்கு ஏற்றுகிறார்கள். பெண்டுகள் கையில் முதல் தடவையாக நாலு காசு புழங்குகிறது. "தம்பி மேல வர்றது பொறுக்கலியாடி உனுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "புருசன் உட்டுட்டுப் போனா புத்தியும் போயிடுமா?" என்று இன்னொருத்தி. முத்தம்மா அக்கா ஒன்றும் பேசவில்லை. அது போதும், அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இன்று காலையில் ஏரிக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளையைக் கரையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத் தனியாக இறங்கினேன். அவள் அழுகிறாளா, பறவைச் சத்தமா என்று அடிக்கடி நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அம்மணி


பம்பாய்
9-7-1980

அக்கா,

நலம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. சரோஜா நன்றாக இருக்கிறாள் என்ற வரியைப் பலமுறை படித்தேன்.

போகாது. இதுதான் பதில்.

உன் புரட்டாசிப் பார்சல்தான் உண்மையான கால்வாய் ஊமச்சி. அவ்வளவு நாள் நல்ல தண்ணீரில் கிடந்த பிறகும் செம்பும் துத்தநாகமும் கொஞ்சம்தான் குறைந்திருந்தன. காட்மியம் அப்படியே இருந்தது. ஒருமுறை கட்டிவைத்ததை அது லேசில் அவிழ்ப்பதில்லை. சேற்றைக் கக்குகிற மாதிரி அதைக் கக்க முடியாது. சேறு குடலில் இருப்பது, இது உடம்பாகவே ஆகிவிட்டது.

உன் மார்கழிக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பார்சலைச் சோதித்தேன். எண் என்ன வரும் என்று முன்பே தெரியும். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எண்ணை எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் ஆசைப்பட்ட எண் அது. கம்பெனி ஆசைப்பட்ட எண். நானும் ஆசைப்பட்டேன். எண்ணை யாராலும் மாற்ற முடியாது என்று உனக்கு எழுதினேனே, மாற்ற வேண்டியே இருக்கவில்லை.

உன் ஜூன் கடிதம் வந்த அன்று டைரக்டரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "படிக்காத ஒரு பொம்பளையின் கடிதத்தை நம்பி அச்சான கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்கிறாயா?" என்றார். பேசாமல் இருந்தால் இருக்கலாம், பேசினால் போகலாம் என்றார். வந்துவிட்டேன். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. இப்போது ஒரு கிடங்கில் மூட்டைக்குச் சீட்டுக் கட்டுகிறேன். இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன், இரக்கப்படாதே.

குழந்தையைப் பற்றி. காட்மியத்தைப் பெரும்பாலும் நஞ்சுக்கொடி தடுத்துவிடும். அவளுக்கு அதிகம் போயிருக்காது. உன்னிடம்தான் தங்கியிருக்கும். ஊமச்சியிடம் இருக்கிற மாதிரிப் புரதம் நம் உடம்பிலும் உண்டு. ஈரலிலும் சிறுநீரகத்திலும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், பல வருஷத்துக்கு. ஒன்றரை மாதச் சாப்பாட்டால் உனக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். வருஷக்கணக்காகத் தின்கிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடும், எலும்பு நோகும். இன்றைக்குத் தின்று நாளைக்குச் செத்தால் எல்லோரும் நம்புவார்கள். இது அப்படிச் செய்யாது.

இதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படி. யார் கேட்டாலும் காட்டு. முழுப் பெயரும் போட்டிருக்கிறேன்.

ரா. தங்கவேல், பி.எஸ்ஸி.


தோணிரேவு காலனி
3-8-1980

தம்பி தங்கவேலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் சரோஜாவும் நன்றாக இருக்கிறோம். அவள் குப்புற விழுகிறாள். நீ மூட்டை தூக்காதே, சீட்டு மட்டும் கட்டு. உனக்குச் சின்ன வயதிலேயே முதுகு வலி.

படித்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்குப் போகாத நாள், குழாயடியில் எல்லோரும் இருந்தபோது படித்தேன். புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பப் படித்தேன். போகாது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுதினேன் என்ற இடம் வந்தபோது கடிதத்தைக் கீழே இறக்கிவிட்டேன். முத்தம்மா அக்கா தண்ணீர் கொடுத்தாள். கூட்டம் முடிந்த நாளுக்குப் பிறகு அவள் என் கையில் கொடுத்த முதல் பொருள் அது.

யாரும் உன்னைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. குடம் நிறைந்து வழிந்ததைக்கூட யாரும் நகர்த்தவில்லை. நம்பினார்கள் தம்பி. வேலை போனதென்று எழுதியிருந்தாயே, அதனால் நம்பினார்கள்.

பிறகு முத்தம்மா அக்காதான் கேட்டாள். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. கடைக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி கேட்டாள். "சரிமே, நம்பறேன். ஊமச்சி வாணாம். ஏரியில எறால் இல்ல. ஆழத்துல வலைக்காரன் உட மாட்டான். ரேசன்ல அரிசி இல்ல. அப்ப இன்னா துன்றது? அத எழுதி கீறானா பாரு."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் உன் விலாசம் மட்டும் இருந்தது.

அக்கா
அம்மணி